நம்பாத நிரலை ஓடவிடுவது எப்படி?

யாரோ எழுதிய நிரலை நம் கணினியில் ஓடவிடலாமா? பதினொன்றாம் வகுப்பில் இயந்திர மொழியைப் பற்றிப் பேசும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. “தெரியாததைப் பதிவிறக்காதே” என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் கம்பைலர் பொறியாளர்கள் இதற்குக் கண்ட விடை, கணக்கையும் தமிழையும் தொட்டுக்கொண்டு நடத்த ஏற்றது என்பது என் அனுபவம்.

இயந்திர மொழிக் கட்டளைகளைச் செயலி நேரடியாக நிறைவேற்றும். அதனால் வேகம் அதிகம், ஆபத்தும் அதிகம். பிறர் நிரலை நம் நிரலோடு ஒரே நினைவகத்தில் ஓடவிட்டால், அது நம் தரவின் மேலேயே எழுதிவிடலாம். 1993-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வாபே, லூக்கோ, ஆண்டர்சன், கிரஹாம் ஆகியோர் ஒரு வழி சொன்னார்கள். நினைவகத்தில் எழுதும் அல்லது வேறிடத்துக்குத் தாவும் கட்டளைக்கு முன்னால், முகவரியை எல்லைக்குள் அடக்கும் கட்டளை ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். எல்லா முகவரியும் அந்த வடிகட்டி வழியாகத்தான் போகும்.

நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 செயலியில் இது எளிதல்ல. அதன் கட்டளைகள் ஒரு பைட் முதல் 15 பைட் வரை வெவ்வேறு நீளம் கொண்டவை. கரும்பலகையில் ‘வெங்காயம்’ என்று எழுதி, மூன்றாம் எழுத்திலிருந்து படிக்கச் சொல்வேன். ‘காயம்’ என்று வரும். சாதுவான ஒரு கட்டளையின் நடுவில் குதித்தாலும் இப்படித்தான், சோதித்தவர் கண்ணில் படாத வேறு கட்டளை வெளிப்படும். (இதை விளக்க இதைவிடச் சுவையான சொல் உங்களுக்குக் கிடைத்தால் பயன்படுத்துங்கள்.)

2009-இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ‘நேட்டிவ் கிளையன்ட்’ ஆய்வுக் கட்டுரை, உலவிக்குள் இதைச் செய்து காட்டியது. நிரலை 32 பைட் கட்டங்களாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டளையும் கட்டத்தின் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓடும்போது கணக்கிடப்படும் தாவல் முகவரியின் கடைசி ஐந்து இருமை இலக்கங்களை உம் செயல் மூலம் பூச்சியமாக்கிவிட வேண்டும். 45 என்பது இருமத்தில் 101101. அது 100000, அதாவது 32 ஆகிவிடும். 77 எனில் 64. எங்கே குதிக்க நினைத்தாலும் ஒரு கட்டத்தின் தொடக்கத்தில்தான் கால் ஊன்றும். அங்கே உண்மையான கட்டளை ஒன்றின் முதல் எழுத்து இருக்கும். பூச்சியமாக்கும் கட்டளையும் தாவும் கட்டளையும் ஒரே கட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. இல்லாவிட்டால் முன்னதைத் தவிர்த்துவிட்டுப் பின்னதில் நேராக வந்து இறங்கலாமே!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இந்த விதிகளின்படி நிரலை உருவாக்குவது கம்பைலர். ஆனால் அந்தக் கம்பைலரை யாரும் நம்பத் தேவையில்லை! அது லட்சக்கணக்கான வரிகள் கொண்டது. பிழை இருக்கலாம், வேண்டுமென்றே ஏமாற்றவும் செய்யலாம். வந்து சேரும் நிரல் விதிகளைக் கடைப்பிடிக்கிறதா என்பதைத் தனியொரு சரிபார்ப்பான் முதலிலிருந்து படித்துப் பார்க்கும். தவறு ஒன்று இருந்தாலும் நிரல் ஓடாது. அந்தச் சரிபார்ப்பான் 600-க்கும் குறைவான சி மொழிக் கூற்றுகளில் அடங்கியது.

ஐந்தாம் வகுப்பிலேயே இதன் விதையை ஊன்றலாம். 8633-இன் காரணிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் திணறுவார்கள். 89, 97 என்று யாராவது சொன்னால், பெருக்கிப் பார்த்து ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார்கள். சொன்னவர் முதல் மதிப்பெண் வாங்குபவரா, கடைசி வரிசைக்காரரா என்பது பொருட்டே அல்ல.

நேட்டிவ் கிளையன்ட் இன்று வழக்கொழிந்துவிட்டது. 2017-இல் முக்கிய உலவிகள் நான்கிலும் இடம்பெற்ற வெப்அசெம்பிளி அந்த இடத்தைப் பிடித்தது. ஓடவிடும் முன் சரிபார்ப்பது என்ற முறை அதிலும் உண்டு. ஆனாலும் வேலி முழுமையானதல்ல. 2018-இல் வெளியான ‘ஸ்பெக்டர்’ குறைபாடு, எல்லை தாண்டாமலே, செயலி எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து பிறர் தரவை ஊகிக்க முடியும் என்று காட்டியது. இதை மேல்நிலை மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த வகுப்புக்கான கேள்விகள் அங்கிருந்துதான் வருகின்றன.