பாட்டு விலைபோகும் வழி

பாட்டிற்குப் பரிசில் தருவது நம்மிடைப் பழைய வழக்கு. பாணனுக்குப் பொற்றாமரையும் விறலிக்கு அணிகலனும் ஈந்த செய்திகளை மாணவர் வகுப்பிலே பயின்றிருப்பர். ஆயினும் பாணன் தன் குரலை விற்றவனல்லன். பாடி முடித்ததும் குரல் அவனோடேயே சென்றது.

குரலைப் பாடியவரிடமிருந்து பிரித்துப் பண்டமாக்கியது கிராமபோன். 1902 நவம்பரிற் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் அம்மையார் பாட, பிரெட் கைஸ்பர்க் என்பார் அதனைப் பதிவு செய்தார். அக்காலத் தட்டு மூன்று நிமிட அளவே கொள்ளும். நெடும்பொழுது இராகத்தை விரித்தோர் அதற்குள் அடங்கவேண்டியவராயினர். பாட்டு முடிந்ததும் அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்திற் கூறுவார். தட்டுக்கள் ஜெர்மனியில் அச்சாகின. அங்குள்ளோர் பெயரறிந்து ஒட்டவேண்டுமன்றோ! பாடியவர் பெயர் பாட்டோடு சேர்ந்தே பதிந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்க.

தட்டிற்குப் பின் ஒலிநாடாவும் இறுவட்டும் வந்தன. இவையெல்லாம் கையிலே தொட்டு வாங்கும் பொருள்கள். 2003 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் ஐ-டியூன்ஸ் என்னும் கடையைத் திறந்து, ஒரு பாட்டை 99 சதத்திற்கு, அதாவது ஒரு டொலருக்கும் குறைவாக, விற்றபோது பண்டம் மறைந்தது. கணினியிலே தரவிறக்கும் கோப்பே எஞ்சியது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாட்டுக்கள் விற்பனையாயின. 2010 இல் ஆயிரங் கோடியையும், 2013 இல் இரண்டாயிரத்து ஐந்நூறு கோடியையும் அவ்விற்பனை எட்டியது. அந்தோ, அவ்வெற்றியும் நீடிக்கவில்லை! இன்று பலர் பாட்டை வாங்குவதில்லை. சந்தா செலுத்தியோ விளம்பரத்தைப் பொறுத்தோ கேட்கின்றனர். சேர்ந்த வருவாயில் நடத்துவோர் தம் பங்கை எடுத்து, மீதியைக் கேட்கப்பட்ட தடவைகளின் விகிதப்படி உரிமையாளர்க்குப் பகிர்கின்றனர். 'உரிமையாளர்' என்றோமேயன்றிப் 'பாடியோர்' என்றிலேம். இரண்டும் ஒன்றெனக் கருதுவதே பலர்க்கு நேரும் மயக்கம்.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் பாட்டு இதற்குச் சான்று. நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் மீண்ட மூதாட்டியின் பேரனாகிய அறிவு அதனை எழுதி, தீ என்பாருடன் பாடினார். கோடிக்கணக்கானோர் கேட்டனர். 2024 இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டால் தம் மூவர்க்கும் வருவாய் வந்து சேரவில்லையென வெளிப்படக் கூறினார். அவ்விவகாரத்தின் நீதியைத் தீர்ப்பது நம் பணியன்று. கேட்ட தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு என்பதையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

இனி நம்மூர்ச் செய்தி. படுவான்கரையில் ஓர் அண்ணாவியார் பாடிய கூத்துப் பாட்டுக்களை நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் பதிவு செய்து இறுவட்டாக்கினார். இப்பொழுது அது கைத்தொலைபேசிதோறும் ஒலிக்கின்றது. அண்ணாவியார் காலமாகிவிட்டார். அவர் மகன் நம்மிடம் வந்து, "சேர், அப்பாட குரல் ஆருக்குச் சொந்தம்?" என்று வினவினார். இலக்கணம் கற்பிக்கும் நாம் சற்றுத் திகைத்தோம்.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டினோம். பாடியவர்க்கு ஓர் உரிமை. ஒலிப்பதிவு செய்தவர்க்கு வேறோர் உரிமை. இரண்டிற்கும் ஐம்பதாண்டு எல்லை. நாட்டார் ஆக்கங்களைப் பொருளீட்டப் பயன்படுத்துவதற்கும் அச்சட்டத்தில் தனிப் பிரிவுண்டு. எனவே பதிவுக் கருவியை இயக்குமுன் ஒரு தாளிலே பாடுவோர், மத்தளகாரர், நாள், இடம், வருவாய் வரின் பங்கு ஆகியவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடல் வேண்டும். கூத்துக் களரிகளைப் படம்பிடிக்கும் நம் மாணவர்க்கு இதனை வகுப்பிலும் சொல்லி வருகின்றோம்.

அவ்விறுவட்டின் உறையில் அண்ணாவியார் பெயரே இல்லை. பழைய மாணவர்க்கு எழுதினோம். தவறெனத் தாமே ஒப்பி, பெயர்களை அனுப்புமாறு மறுமொழி விடுத்தார். பட்டியல் நம் மேசைமேல் உள்ளது. சல்லரி போட்டவர் பெயர் மட்டும் தெரியவில்லை. அன்று களரியில் இருந்த பழைய மாணவர் எவரேனும் அறிவிப்பின் சேர்த்து அனுப்புவோம்.