ஆளைத் தேடுறது லேசு, ஆனா...

இந்த வார எபிசோடுக்கான குட்டிப் பாடம்.

அவசரத்துக்கு நர்ஸ் தேடித் தர ஒரு ஆப் செய்யலாம் என்று நினைத்தேன். லண்டனில் நர்ஸா வேலை செய்யும் சித்தி சிரிச்சா: "ஆளைப் பிடிக்கிறது லேசு தம்பி. அவருக்குத் தகுதி இருக்கோ எண்டு பார்க்கத்தான் நேரம் போகும்."

தேடிப் பார்த்தேன், உண்மைதான். 2020 கொரோனாவில் பிரிட்டன் நர்ஸ் பதிவேட்டை வைத்திருக்கும் என்எம்சி, மார்ச் 27 அன்று தற்காலிகப் பதிவேடு ஒன்றைத் திறந்தது. முதலில் அழைத்தது, கடந்த மூன்று ஆண்டுக்குள் பதிவை விட்டவர்களை. அவங்க படிப்பு, பின்னணி எல்லாம் ஏற்கெனவே பார்த்து வைத்த விவரம். அதனால்தான் அந்த வேகம்.

ஆனா பட்டியல் மட்டும் போதாது. ஏப்ரல் 3 அன்று எக்ஸெல் மண்டபத்தில் நைட்டிங்கேல் மருத்துவமனை திறந்தது. ஆயிரக்கணக்கான கட்டிலுக்கு இடம். ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு வழக்கமா ஒரு நர்ஸ் வேணும். கட்டில் வந்த வேகத்தில் ஐசியூ நர்ஸ் வரல. முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் 54 பேர்தான்.

இப்படி ஆப் செய்ய நினைக்கிறீங்களா? தேடல் பட்டன் அப்புறம். யாருக்கு எந்த வார்டில் பயிற்சி, பதிவு இன்னும் செல்லுமா என்ற விவரத்தை அமைதியான நாளிலேயே புதுப்பித்து வையுங்க. அவசரத்தில் அதைச் சேர்க்க நேரம் இருக்காது.