சார்ஜ் டார்ச் லைட் வாங்கும் முன்

தராசு வாங்கினால் முத்திரை பார்க்கிறோம். கல்லாப்பெட்டி வாங்கினால் பூட்டைப் பத்து முறை திருகிப் பார்க்கிறோம். ஆனால் கிட்டங்கிக்கு ஒரு டார்ச் லைட் வாங்கும்போது மட்டும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் பார்த்து, விலை பேசி, பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். நானும் அப்படி வாங்கியவன்தான். 450 ரூபாய்க்கு வாங்கிய அந்த டார்ச்சினால் எனக்கு ஏற்பட்ட நஷ்டம் அதன் விலையைப் போல் ஐம்பது மடங்கு.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதம். இரவு ஒன்றரை மணிக்கு உளுந்து லோடு வந்தது. மழையினால் தெருவில் மின்சாரம் இல்லை. அடுத்த ஊருக்கு விடியுமுன் போக வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். தார்ப்பாயைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் அடுக்கு மூட்டைகள் நன்றாக உலர்ந்திருந்தன. பாதி லோடு இறங்குவதற்குள் டார்ச் மங்கிவிட்டது. பெட்டியில் 8 மணி நேரம் என்று போட்டிருந்தது. எனக்கு உழைத்தது 40 நிமிடம்கூட இல்லை. மீதி மூட்டைகளை செல்போன் வெளிச்சத்தில் இறக்கி அடுக்கினோம். லாரி ரசீதில் சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

காலையில் பார்த்தால் அடி அடுக்கில் வந்த 11 மூட்டைகள் நனைந்து ஓரம் கறுத்திருந்தன. லாரி செட்டில் போய்க் கேட்டேன். "அண்ணாச்சி, நீங்களே பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. காய வைத்து, விலை குறைத்து விற்றதில் 23 ஆயிரம் ரூபாய் போயிற்று. அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் தம்பியிடம் உட்கார்ந்து இந்த விளக்கைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் வேலை எது என்று முடிவு செய்யுங்கள்

நமது தொழிலில் டார்ச்சுக்கு மூன்று விதமான வேலை உண்டு. முதலாவது, மூட்டைகளைச் சோதிப்பது. இது பத்து இருபது அடிக்குள் நடக்கும் வேலை. வெளிச்சம் அகலமாகப் பரவ வேண்டும். இரண்டாவது, கிட்டங்கியின் கூரை ஒழுகுகிறதா, உத்தரத்தில் எலி ஓடுகிறதா, முற்றத்தின் கடைசியில் ஆள் நடமாட்டம் உண்டா என்று பார்ப்பது. இதற்கு நூறு நூற்றைம்பது அடி வரை ஒளி பாய வேண்டும். மூன்றாவது, நம்மிடம் வாங்க வரும் விவசாயிகளின் வேலை. தோட்டம், கிணற்றடி, காட்டுப்பன்றிக் காவல் என்று அவர்களுக்குத் தூரம்தான் முக்கியம்.

ஸ்பாட் லைட் என்று விற்கப்படுவது இந்த மூன்றாவது வேலைக்கானது. குறுகிய கற்றையாக வெகுதூரம் போகும். அதைக் கொண்டு பக்கத்து மூட்டையைப் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம் கண்ணைக் கூசும். சுற்றிலும் இருட்டாக இருக்கும். ஈரம் பிடித்த ஓரம் அந்த இருட்டில்தான் இருக்கும். ஆகவே கிட்டங்கிக்கு வாங்குவோர், முகப்பை முன்னும் பின்னும் நகர்த்திக் கற்றையை அகலப்படுத்தக்கூடியதாகவோ, பக்கவாட்டில் தனியாகப் பரவல் விளக்கு உள்ளதாகவோ பார்த்து வாங்குவது நல்லது.

2. வெளிச்சம் வேறு, தூரம் வேறு

பெட்டியில் லூமென் என்று ஓர் எண் இருக்கும். விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு அது. காண்டெலா என்பது ஒரே திசையில் அந்த ஒளி எவ்வளவு வலுவாகப் போகிறது என்பதைச் சொல்வது. தோட்டத்து ஹோஸ் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீர் ஒன்றுதான். வாயில் விரலை வைத்து அழுத்தினால் தூரமாகப் பாய்கிறது. லூமென் தண்ணீரின் அளவு, காண்டெலா அது பாயும் வேகம்.

தூரத்தைக் கணக்கிட ஒரு சுலப வழி உண்டு. காண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை 2 ஆல் பெருக்கினால் மீட்டர் கணக்கில் தூரம் வரும். 10,000 காண்டெலா என்றால் 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமானால் இரண்டு மடங்கு போதாது. நான்கு மடங்கு, அதாவது 40,000 காண்டெலா வேண்டும். எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தரவிதி 2009 முதல் இந்த முறையில்தான் டார்ச்சுகளை அளக்கிறது.

இதிலும் கவனம் வேண்டும். அந்தக் கடைசித் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ்தான், முழுநிலா வெளிச்சம் போன்றது. அங்கே ஆள் நிற்பது தெரியும், மூட்டையில் உள்ள மார்க் தெரியாது. பத்தில் ஒரு பங்கு தூரத்துக்கு வந்தால் வெளிச்சம் நூறு மடங்காகி 25 லக்ஸ் கிடைக்கும். ஆகவே 200 மீட்டர் என்று போட்ட டார்ச், பொருளைத் தெளிவாகப் பார்ப்பதற்கு 20 மீட்டர் டார்ச் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

3. பெட்டியில் உள்ள எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாம் கணக்கு தெரிந்தவர்கள். நம்மை ஏமாற்றக் கூடாது. லித்தியம் பேட்டரியின் அழுத்தம் 3.7 வோல்ட். எம்.ஏ.ஹெச். எண்ணை ஆயிரத்தால் வகுத்து 3.7 ஆல் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். சாதாரண எல்.இ.டி. டார்ச், ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தருவதாக வைத்துக்கொள்ளலாம்.

நான் வாங்கிய டார்ச்சைப் பிரித்தபோது உள்ளே இருந்தது 1,200 எம்.ஏ.ஹெச். பேட்டரி. 1.2ஐ 3.7ஆல் பெருக்கினால் 4.44 வாட்-மணி. நூறால் பெருக்கினால் 444. பெட்டியில் போட்டிருந்ததோ 1,000 லூமென், 8 மணி நேரம். இரண்டையும் பெருக்கினால் 8,000. இருப்பு 444, செலவு 8,000. எந்தப் பேரேட்டில் இது நிற்கும்? 1,000 லூமெனில் எரிந்தால் அரை மணிகூடத் தாங்காது. 8 மணி நேரம் எரிய வேண்டுமானால் 55 லூமெனுக்கு இறங்க வேண்டும். தனித்தனியாக இரண்டு எண்ணும் மெய்யாக இருக்கலாம். சேர்ந்து இருக்க முடியாது.

இன்னொரு பொய்யும் சந்தையில் நடமாடுகிறது. 18650 என்ற பேட்டரி 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ளது. நல்ல கம்பெனிகள் செய்தாலே அதன் கொள்ளளவு 3,500 அல்லது அதற்குச் சற்று மேல்தான். அதே அளவு பேட்டரியின் மேல் 9,900 என்று அச்சிட்டு வந்தால், கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

நேர்மையான பெட்டியிலும் நேரக் கணக்கைப் புரிந்து படிக்க வேண்டும். எஃப்.எல்.1 விதிப்படி ஒளி தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரத்தைத்தான் எழுதுகிறார்கள். மேலும், சிறிய டார்ச்சில் சூடு வெளியேற இடம் குறைவு. அதனால் முழு வெளிச்சத்தில் சில நிமிடங்கள் எரிந்ததும் பல டார்ச்சுகள் தாமாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். வாங்கிய அன்றே முழு சார்ஜ் செய்து, சுவரில் அடித்து, கடிகாரம் வைத்துப் பார்த்துவிடுங்கள். மாற்றித் தருவதாக இருந்தால் அன்றே மாற்றிக்கொள்ளலாம்.

4. பேட்டரியும் சார்ஜரும்

பழைய வகை 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இன்னும் விற்பனையில் உண்டு. விலை மலிவு, எடை அதிகம். சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்து பயனற்றுப் போகும். கடையில் அடுக்கி வைத்து விற்பவர்கள் அவ்வப்போது எடுத்து சார்ஜ் போட வேண்டும். இல்லையேல் அடுக்கிலேயே சரக்கு செத்துவிடும். லித்தியம் பேட்டரி எடை குறைவு, நாள்பட வைத்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. ஆனால் அது உப்பியிருந்தாலோ, சார்ஜ் ஏறும்போது அதிகம் சுட்டாலோ, மேற்கொண்டு உபயோகிக்கக் கூடாது. குப்பையிலும் போடாமல், பழைய பேட்டரி சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற டார்ச்சே நமக்கு லாபம். ஒட்டி மூடியதாக இருந்தால் பேட்டரியோடு டார்ச்சும் போயிற்று.

பின்புறம் இரண்டு பின் நீட்டி, நேரே சுவர் பிளக்கில் செருகும் மலிவான டார்ச்சுகளில் டிரான்ஸ்பார்மர் இல்லாமலே சார்ஜ் செய்யும் அமைப்பு இருப்பதுண்டு. செருகியிருக்கும்போது உள்பாகங்களில் வீட்டு மின்சாரமே பாயும். விரிசல் விட்ட டார்ச்சைச் செருகிய நிலையில் தொடவே கூடாது. யு.எஸ்.பி. வழியாக சார்ஜ் ஆகும் வகை பாதுகாப்பானது. பவர் பேங்கிலும் போடலாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, டெல்டாவில் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் பிளக்கை மட்டும் நம்பிய சார்ஜ் டார்ச்சினால் பயன் இல்லை. சாதா செல் போடும் டார்ச் ஒன்றும் கடையில் இருக்கட்டும்.

எந்த வகையானாலும் சாக்கு, அட்டைப்பெட்டி, எண்ணெய் டின் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போகும்போது பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். 450 ரூபாய்ப் பொருளுக்காகக் கிட்டங்கியைத் தீக்குக் கொடுக்கக் கூடாது.

5. நிறம் மெய்யாகத் தெரிகிறதா?

இது நம்மைப் போன்ற தானிய, வத்தல் வியாபாரிகளுக்கு முக்கியம். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான், அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பொடி பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவு டார்ச்சுகளில் நீலம் மிகுந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் அரிசி இருப்பதைவிட வெண்மையாகத் தெரியும், துவரம் பருப்பின் மஞ்சள் வெளுக்கும், வத்தலின் சிவப்பு மங்கும்.

பெட்டியில் 6,500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. 4,000 முதல் 5,000 வரை கண்ணுக்கு இயல்பானது. சி.ஆர்.ஐ. என்ற எண் 90க்கு மேல் இருந்தால் நிறம் ஏறத்தாழ உள்ளபடி தெரியும். எண் போடாத டார்ச்சாக இருந்தால், பகலில் பார்த்து வைத்த பருப்பையும் வத்தலையும் ஒரு கைப்பிடி கொண்டுபோய், கடையிலேயே டார்ச் அடித்துப் பாருங்கள். எப்படியிருந்தாலும் தரம் பிரித்து விலை முடிவு செய்வதைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்வதே முறை.

6. தூசியும் தண்ணீரும்

ஐ.பி. என்ற எழுத்துக்களுக்குப் பின் இரண்டு இலக்கம் வரும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். இரண்டாம் இலக்கம் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடக்கலாம். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடத்தில் முதல் இலக்கம் 6 ஆக இருப்பது நல்லது.

7. விற்பனை செய்வோர் கவனத்துக்கு

லித்தியம் பேட்டரியும் எல்.இ.டி. கைவிளக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளவை. ஆர் என்று தொடங்கி 8 இலக்கம் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று தெரியும். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, அதிகபட்ச விலை, மாதமும் ஆண்டும், இறக்குமதியானால் எந்த நாடு என்பதும் 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி இருந்தாக வேண்டும். பில் இல்லாமல், முகவரி இல்லாமல் வரும் சரக்கில் நாலு ரூபாய் கூடக் கிடைக்கலாம். கெட்டுப்போனால் வாடிக்கையாளர் முகவரி இல்லாத கம்பெனியைத் தேடிப் போக மாட்டார், நம்மிடம்தான் வருவார்.

இப்போது என் கிட்டங்கியில் இரண்டு டார்ச்சுகள் உண்டு. ஒன்று மூட்டை பார்க்க, மற்றது முற்றம் பார்க்க. வாரம் ஒருமுறை பகலில், ஆள் இருக்கும்போது, சார்ஜ் போடுகிறோம். இரவில் லோடு வந்தால் அடி அடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்க்காமல் கையெழுத்து இல்லை என்று லோடுமேன்களிடமும் டிரைவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு லோடில் 3 மூட்டைகளில் ஈரம் தெரிந்தது. லாரி ரசீதில் அதை எழுதி, டிரைவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன். இந்த முறை லாரி செட்டில் பேச்சு வளரவில்லை, வாடகையில் கழித்துக்கொண்டார்கள்.