சூஃபி என்றால் சுழல்வது மட்டுமா?

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் சூஃபி இயக்கம் பற்றிய பகுதியைத் தொடங்கியதும், "வெள்ளை அங்கி போட்டு சுத்திக்கிட்டே இருப்பாங்களே, அவங்கதானே சார்? போன்ல பார்த்திருக்கேன்" என்றான் ஒரு மாணவன். மற்றொருவன் பக்கத்து வரிசையில் இருந்த இசுலாமிய மாணவியிடம், "உங்க பாட்டெல்லாம் தமிழ்ல இருக்காதுல்ல?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் குனிந்துகொண்டாள். இரண்டு கேள்விகளுக்கும் விடையாக, தக்கலையில் நான் கண்ட ஓர் இரவையே திருமானூர் வகுப்பறையில் பாடமாக்கினேன்.

தக்கலையில் கண்டது

குமரி மாவட்டப் பயணத்தின்போது, பத்மநாபபுரம் அரண்மனைக்கு அருகிலுள்ள தக்கலை பீர்முகம்மது அப்பா தர்கா விழாவுக்குச் சென்றேன். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்த ஞானி தென்காசியில் பிறந்தவர். நெசவுத் தொழில் செய்தவர். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில், அவர் இயற்றிய 'ஞானப்புகழ்ச்சி'யை மக்கள் கூடி விடிய விடியப் பாடுகிறார்கள். அங்கே யாரும் சுழலவில்லை. அமர்ந்து பாடினார்கள், மற்றவர்கள் கேட்டார்கள். பாடல் தமிழ்.

மாணவன் பார்த்த சுழல் வழிபாடு துருக்கியின் கொன்யா நகரோடு தொடர்புடையது. 1273இல் அங்கு மறைந்த ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்தோர் நடத்துவது. 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் பெயர் 'செமா'. அச்சொல்லின் பொருள் 'கேட்டல்'. சுழல்வதற்கும் அமர்ந்து பாடுவதற்கும் அடிப்படை ஒன்றே என்பதை இதைக்கொண்டு எளிதில் விளக்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. நிலவரைபடத்தில் கொன்யா, அஜ்மீர், தில்லி, நாகூர், தக்கலை ஆகிய ஊர்களைக் குறிக்கச் செய்தேன். சூஃபி மரபு தொலைவிலிருந்து நம் மாநிலம் வரை வந்திருப்பதை மாணவர்களே கண்டனர்.

2. பாடநூலில் வரும் கபீரும் நெசவாளர், பீர்முகம்மதுவும் நெசவாளர். ஜெயங்கொண்டம் பக்கம் உறவினர்களுள்ள மாணவர்கள் பாவு, ஊடை, தறி பற்றி விளக்கினர். உழைக்கும் மக்களிடமிருந்து ஞானப்பாடல் பிறந்ததைப் பேசினோம்.

3. 'பாடியவர், ஊர், சமயம், மொழி' என நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை தயாரித்தோம். அருகிலுள்ள திருமழபாடிக்குத் தேவாரம் பாடிய சுந்தரர், இத்தாலியிலிருந்து வந்து ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த்தொண்டு செய்த வீரமாமுனிவர், தக்கலை பீர்முகம்மது. மூன்று சமயங்கள். மொழிக் கட்டத்தில் மூன்று முறையும் 'தமிழ்' என்றே எழுதினர். தாயுமானவரும் குணங்குடி மஸ்தான் சாகிபும் 'பராபரக்கண்ணி' என்ற ஒரே பெயரில் பாடியுள்ளதையும் சேர்த்துச் சொன்னேன்.

4. வீட்டில் பெரியவர்கள் பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் பலர் பாடினர். அந்த மாணவி தானே முன்வந்து, தன் பாட்டியின் தமிழ்த் தாலாட்டைப் பாடினாள். கேள்வி கேட்ட மாணவன், "இது எங்க ஆயா பாடுற மாதிரியே இருக்கு" என்றான்.

ஆசிரியர் கவனத்திற்கு

ஒரு சமயத்தைப் பற்றிய பாடத்தில், அச்சமயத்தைச் சேர்ந்த குழந்தையை எழுப்பி விளக்கச் சொல்ல வேண்டாம். அது அக்குழந்தையைத் தனிமைப்படுத்தும். எல்லாரிடமும் ஒரே வேலையைக் கொடுத்தால், விருப்பமுள்ளவர் தாமே பேசுவர். வழிபாட்டைக் குழந்தைகளை நடிக்க வைப்பதையும் தவிர்க்கலாம். பாடலும் வரைபடமும் போதும்.

மதிப்பீட்டிற்கு ஒரு வினா: 'சூஃபி ஞானிகள் ஏன் மக்கள் மொழியில் பாடினர்?' விடையில் மாணவர் தம் ஊரிலிருந்து ஒரு சான்றேனும் காட்டினால், கற்றல் விளைவு எட்டப்பட்டதாகக் கொள்ளலாம்.