மாற்றுச் சிறுநீரகமும் இரத்தச் சர்க்கரையும்

சிறுநீரகம் கழிவு நீரை வடிக்கும் உறுப்பு என்றே வகுப்புகளில் பெரும்பாலும் போதிக்கப்படுகிறது. அது ஒரு சுரப்பியுமாகும் என்பது சொல்லப்படாமல் விடப்படுவதுண்டு. சிவப்பணுக்களை உற்பத்தி செய்யுமாறு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோன் முக்கியமாகச் சிறுநீரகத்திலேயே உண்டாகிறது. வைட்டமின் டி செயல்திறனுள்ள வடிவம் பெறுவதும் அங்கேதான். வேலை முடிந்த இன்சுலினில் ஒரு பகுதியைச் சிதைத்து அகற்றுவதும் அதன் கடமையே. ஆகவே, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவரின் உடலில் சிறுநீர் மட்டுமன்றி ஹார்மோன்களின் சமநிலையும் மாறுகிறது.

1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரேயின் குழுவினர் இத்தகைய சிகிச்சையில் வெற்றி கண்டபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர். எனவே பெற்றவரின் உடல் அவ்வுறுப்பை அயலாகக் கருதவில்லை. மற்றவர்களோ எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளை நாள்தோறும் உண்ண வேண்டியவர்களாயிருக்கின்றனர். இம்மருந்துகளிலிருந்தே புதிய தொல்லை ஒன்று தோன்றுகிறது.

டாக்ரோலிமஸ் என்னும் மருந்து கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. பிரெட்னிசோலோன், சுரந்த இன்சுலினையும் திசுக்கள் சரிவரப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கிறது. போதாக்குறைக்கு, நன்கு வேலை செய்யும் புதிய சிறுநீரகம் இன்சுலினை முன்னினும் விரைவாக அகற்றிவிடுகிறது. இதனால், முன்பு நீரிழிவு இல்லாதிருந்தவருக்கும் அது தோன்றலாம். மறைந்திருந்தது வெளிப்படவும் கூடும்.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பிரெட்னிசோலோன் வழக்கமாகக் காலையில் ஒரு வேளை உண்ணப்படுவது. அதன் விளைவாகச் சர்க்கரை நண்பகலுக்குப் பின் ஏறி, மாலையில் உயர்ந்து நின்று, இரவில் இறங்கிவிடுகிறது. மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தம் குறையேதும் காட்டாதிருக்கலாம். ஆதலின் முதல் வாரங்களில் பகலுணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனையே அதிகம் பயனுடையது. மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதாகக் கூறப்படும் ஹெச்.பி.ஏ.1சி. சோதனையும் தொடக்கத்தில் நம்பத்தக்கதன்று. சிவப்பணுக்கள் புதிதாகப் பெருகிவரும் காலமாதலால் அளவு உண்மையினும் குறைவாகத் தோன்றக்கூடும். அடிக்கடி சிறுநீர் கழிவதைப் புதிய உறுப்பு நன்றாக வேலை செய்வதன் அடையாளமென்று நோயாளி மகிழ்ந்துவிடவும் இடமுண்டு. தாகமும் சோர்வும் உடனிருப்பின் வெளிக்களப் பணியாளர் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுதல் வேண்டும்.

‘மாத்திரையால்தான் சர்க்கரை வந்தது’ என்று கேள்விப்பட்டதும் அதை நிறுத்திவிடுவோர் உண்டு. இதைவிட அபாயமானது வேறில்லை. டாக்ரோலிமஸ் நின்றால் உடல் மாற்றுறுப்பைத் தாக்கி அழிக்கும். நெடுநாள் பிரெட்னிசோலோன் உண்டவரின் அட்ரீனல் சுரப்பிகளோ தம் வேலையை மறந்து உறங்குகின்றன. மருந்து திடீரென நின்றால் வாந்தியும் தலைச்சுற்றலும் கண்டு, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் பொறுப்பு. வாந்தியினால் மாத்திரை வயிற்றில் தங்காதவரை அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பம்ளிமாஸ் பழம் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் உயர்த்தக்கூடியதாகையால் விலக்கத்தக்கது.

பெண்களுக்கு நின்றுபோன மாதவிடாய் சில மாதங்களிலேயே திரும்புவதுண்டு, கருத்தரிக்கவும் கூடும். உடன் தரப்படும் மைக்கோஃபெனோலேட் கருவுக்குக் கேடு விளைவிப்பதாதலால், மருந்தை மாற்றி மருத்துவர் இசைவு தரும்வரை கருத்தடை முறையைக் கைக்கொள்ளுமாறு முன்னதாகவே கூறிவைத்தல் அவசியம்.