நடிகர் யாத்த பனுவல்: சங்கரதாஸ் சுவாமிகளும் காரியாபட்டி வட்டார நாடக மேடையும்

முன்னுரை

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 'நாடகத் தலைமை ஆசிரியர்' எனப் போற்றப்படுபவர். அவர் நடிகராக விளங்கியமை வாழ்க்கைக் குறிப்பாக மட்டுமே சுட்டப்படுகிறது. அந்நடிப்பறிவே அவருடைய பனுவல்களின் அமைப்பை வகுத்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நடிகரும் ஆசிரியரும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். கணக்கர் பணியைத் துறந்து, 24ஆம் அகவையில் நாடகத்துறை புகுந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களை ஏற்றார். பின்னர் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை இயற்றினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குப் பயின்றவர்களே.

பனுவலின் அமைப்பு

சுவாமிகளின் நாடகங்களில் பாடல்கள் யாப்பும் இசையும் செறிந்து நிலைபேறுடையனவாக உள்ளன. அவற்றுக்கிடையே அமையும் தருக்கமோ நடிகரின் புலமைக்கேற்ப விரியவும் சுருங்கவும் இடந்தருகிறது. மேடையில் நின்று பழகிய ஒருவரே இத்தகைய நெகிழ்ச்சியைப் பனுவலுக்குள் அமைத்திருக்க இயலும்.

வட்டார மேடை

மதுரைக்குத் தெற்கே, மழையையும் கண்மாயையும் நம்பிய மானாவாரி நிலப்பகுதி காரியாபட்டி வட்டாரம். இத்தகைய ஊர்களின் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் நிகழ்வது 'ஸ்பெஷல் நாடகம்'. இதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் ஆகியோர் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். ஒத்திகையின்றி மேடையிலேயே ஒன்றுகூடும் இவர்களை இணைப்பது யாவரும் மனனம் செய்துள்ள சுவாமிகளின் பாடல்களே. வள்ளிக்கும் நாரதருக்கும் இடையிலான தருக்கம், பாடலில் தொடங்கிப் பேச்சில் வளர்ந்து மீண்டும் பாடலில் அடங்குகிறது. ஆகவே, வரையறுத்த பாடத்தைச் சிறுவர்களுக்குப் பயிற்றுவித்த ஆசிரியரின் படைப்பு, வரையறையற்ற மேடையிலும் நிலைத்துள்ளது.

முடிவுரை

அச்சுப் பிரதியை மட்டும் கொண்டு சுவாமிகளை மதிப்பிடுவது பாதிப் பனுவலை மதிப்பிடுவதாகும். மறுபாதி மூத்த கலைஞர்களின் நினைவில் உள்ளது. அவர்கள் மறையின் அதுவும் மறையும். எனவே, சுவாமிகளின் நாடகங்களுக்கான செம்பதிப்பு, சுவடிகளையும் அச்சுநூல்களையும் ஒப்பிடுவதோடு அமையாது, இத்தகைய வட்டார மேடைகளின் தருக்கப் பாடவேறுபாடுகளையும் ஒலிப்பதிவு செய்து இணைத்தல் வேண்டும்.