திருடிய புத்தகம் என்ன ஆனது?

கேள்வி: லவ்கிராஃப்டின் ‘ஃபங்கை ஃப்ரம் யுகோத்’ கவிதை வரிசையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று கவிதைகளில் ஒருவன் பழைய புத்தகம் ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். நான்காவதிலேயே அந்தக் கதை நின்றுவிடுகிறது. பிறகு புரியாத பெயர்களாக வருகின்றன. அவருடைய சிறுகதைகளை முதலில் படித்தால்தான் இது விளங்குமா?

– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது. அந்த மூன்று கவிதைகளும் அப்படி இழுத்துக்கொண்டு போகின்றன. துறைமுகச் சந்தில் தூசி படிந்த கடை. கோட்டுக்குள் மறைத்த புத்தகம். பின்னால் காலடிச் சத்தம். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், மேல்மாடத்து ஜன்னலை ஏதோ தடவுகிறது. அங்கேயே விட்டுவிடுகிறார். அடுத்து என்ன என்று யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது?

ஆனால் தொடர்கதை அங்கே இல்லை. ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்க இது அந்தாதியும் அல்ல. 1929 டிசம்பர் 27 முதல் 1930 ஜனவரி 4 வரை, ஒன்பதே நாட்களில் 35 சானெட்டுகளை எழுதினார். இன்று 34-வதாக இருக்கும் ‘ரீகேப்சர்’ அதற்குச் சற்று முன்பே தனியாக எழுதியது. 1936-இல் இளம் நண்பர் பார்லோ சொன்னதன் பேரில்தான் அது வரிசையில் சேர்ந்தது. ஒரே கதையாக இருந்திருந்தால் ஆறு வருடம் கழித்து இடையில் ஒன்றைச் செருக முடியுமா?

என் வாசிப்பில், அந்தப் புத்தகம் ஒரு வாசல். திருடியவன் அதற்குள் போய்விட்டான். மீதிக் கவிதைகள் உள்ளே தெரியும் காட்சிகள். அறிஞர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. தனித்தனிக் கவிதைகள் என்று சொல்பவர்களும் உண்டு.

21, 22 இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலாவதில் எகிப்திலிருந்து நியார்லதோதெப் வருகிறான். உழவர்கள் பணிகிறார்கள், காட்டு விலங்குகள் கையை நக்குகின்றன. முடிவில் பூமியே தூசியாகப் பறக்கிறது. அடுத்ததில் ஒரு பேய் கவிஞனை அண்டவெளிக்கு அப்பால் கொண்டுபோகிறது. அங்கே அனைத்துக்கும் அதிபதியான அசாதோத், தனக்கே புரியாத கனவுகளை முணுமுணுத்துக்கொண்டு கிடக்கிறது. கொண்டுவந்த பேய், ‘நான் இவனுடைய தூதன்’ என்ற பொருள்படச் சொல்லி, அந்தத் தலைவனின் தலையிலேயே இகழ்ச்சியாக அடிக்கிறது! நம் பேய்க்கதைகளில் பேய்க்கு நம்மேல் ஒரு கோபமாவது இருக்கும். இங்கே நம்மைப் பொருட்படுத்தவே யாரும் இல்லை. உச்சியில் இருப்பதற்கு அறிவே இல்லை. பிரபஞ்சத் திகில் என்பதன் முழு அர்த்தமும் இந்த 14 வரிகளுக்குள் இருக்கிறது.

சிறுகதைகளில் வரும் புராணம் முழுதாக முதலில் இருந்தது, கவிதைகள் அதற்கு விளக்கம் என்று நினைக்காதீர்கள். சில பெயர்கள் பழையவை. நியார்லதோதெப் 1920-லேயே வந்துவிட்டான். ஆனால் பல விதைகள் இங்கேதான் விழுந்தன. ‘அன்டார்க்டோஸ்’ காட்டும் துருவப் பனி, 1931-இல் ‘அட் த மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ குறுநாவலில் விரிகிறது. ‘ஸ்டார் விண்ட்ஸ்’ கவிதையில் யுகோத்தில் முளைக்கும் பூஞ்சைகள் வருகின்றன. அது எழுதிச் சில வாரங்களில், 1930 பிப்ரவரி 18 அன்று, கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அந்த வருடமே எழுதிய ‘த விஸ்பரர் இன் டார்க்னஸ்’ கதையில் லவ்கிராஃப்ட் யுகோத்தைப் புதுக் கோளோடு பொருத்திவிட்டார். நண்பர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் படைத்த தெய்வத்தையும் அதே கதைக்குள் கூப்பிட்டுக்கொண்டார். நண்பர்கள் இப்படிக் கைமாற்றாகக் கொடுத்து வாங்கி வளர்த்ததுதான் இந்தப் புராணம். ‘கதுலு மிதோஸ்’ என்று பெயர் வைத்து, அதற்கு ஒழுங்கான வம்சாவளி கட்டப் பார்த்தவர் எழுத்தாளர் ஆகஸ்ட் டெர்லெத். அந்த ஒழுங்கு மூலத்தில் கிடையாது; இல்லாமல் இருப்பதே நல்லது.

ஆகவே கவிதைகளை முதலில் படியுங்கள். அகராதி, அட்டவணை எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். பெயர் தெரிந்து முகம் தெரியாதபோதுதான் அவை பயமுறுத்தும். விளக்கம் தெரிந்தபின் அந்த முதல் நடுக்கம் திரும்பக் கிடைக்காது. கடைசிக் கவிதையில் அசுரரும் இல்லை, அண்டவெளியும் இல்லை. குன்றின் மேல் பழைய பண்ணை வீடுகள், அவற்றின் மீது சாய்வெயில், அவ்வளவுதான். அதை மட்டும் அவசரமில்லாமல், ஒரு மாலையில் வாய்விட்டுப் படியுங்கள்.